ஒரே நெருப்பில் இரு வேலை

(கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றின் பொது மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் நெருப்பைப் பற்றிப் பேசவிருக்கிறோம். ‘நெருப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?’ என்று நீங்கள் எண்ணலாம். விறகடுப்பு வைத்துச் சமைத்த காலத்தை இங்கே அமர்ந்திருக்கும் மூத்த தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய அடுப்பை ஒட்டிச் சிறிய அடுப்பு ஒன்று இருக்கும். அதற்குக் கொடியடுப்பு என்று பெயர். கொடியடுப்புக்கென்று தனியே விறகு வைக்கும் வழக்கமில்லை. பெரிய அடுப்பில் சோறு பொங்கும்பொழுது எஞ்சிய தழல் உள்வழியாகச் சென்று, கொடியடுப்பின் மேலிருக்கும் குழம்பையோ வெந்நீரையோ சூடாக்கிவிடும். ஒரு சுள்ளி விறகில் இரண்டு பாத்திரம். இந்தச் சிக்கனத்தை நம் பாட்டிமார்களுக்கு எந்தப் பொறியியல் கல்லூரியும் கற்றுக் கொடுக்கவில்லை.

அந்தக் கொடியடுப்பின் அறிவைத்தான் இன்று பெரிய ஆலைகள் பின்பற்றுகின்றன. ஒரே எரிபொருளைக் கொண்டு முதலில் மின்சாரம் எடுப்பது. எடுத்தபின் எஞ்சுகின்ற வெப்பத்தை வீணே வெளியில் விடாமல் வேறொரு வேலைக்குப் பயன்படுத்துவது. இதற்கு இணை மின் உற்பத்தி என்று பெயர். தொழிற்சாலைகளில் ‘கோஜென்’ என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள். இம்முறை எப்படி வேலை செய்கிறது, நம் கெடாவில் எங்கே பயன்படுகிறது, அதனால் தோட்டப்புற மக்களாகிய நமக்கு என்ன பயன் என்ற மூன்றையும் இன்று வரிசையாகப் பார்ப்போம்.

தோட்டத்தில் நாம் கண்ட மூன்று நெருப்புகள்

முதலாவது நெருப்பு, மறுநடவு நெருப்பு. ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டு வரை பால் தரும். பின்பு மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். முற்காலத்தில் சாய்த்த மரங்களைக் குவித்து அங்கேயே கொளுத்துவது வழக்கமாக இருந்தது. பல நாள் எரிந்து, புகைந்து, சாம்பலாகும். அந்த நெருப்பு யாருக்கும் ஒரு குவளைத் தண்ணீரைக்கூடச் சூடாக்கித் தந்ததில்லை. திறந்த வெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் சட்டம் இன்று தடை செய்கிறது. ரப்பர் மரமும் இன்று விலைமதிப்புள்ள பலகையாகி, மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது.

இரண்டாவது நெருப்பு, புகைக்கூண்டு நெருப்பு. பாலை உறைய வைத்து, தகடாக உருட்டி, கழிகளில் தொங்கவிட்டு, கீழே ரப்பர் விறகை எரித்து 60 பாகை வரையிலான சூட்டில் நான்கைந்து நாள் உலர்த்துவார்கள். இந்த நெருப்பு ஒரு வேலை செய்தது, தகட்டை உலர்த்தியது.

மூன்றாவது நெருப்பு, தோட்டத்து மின்சார யந்திரத்துக்குள் எரிந்த நெருப்பு. அந்தி சாயும்பொழுது ‘டுக் டுக்’ என்று யந்திரம் ஓடத் தொடங்கும், லயத்தில் விளக்கெரியும். இரவு குறித்த நேரமானதும் யந்திரம் நின்றுவிடும். பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுவார்கள். பல தோட்டங்களில் இதுதான் நிலை. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் வழங்குவதை முதலாளியின் கடமையாக ஆக்கிய சட்டம் 1990 இல் வந்தது. அதற்கு முன்பு விளக்கின் நேரத்தை டீசல் பீப்பாய்தான் நிர்ணயித்தது.

இவற்றில் இரண்டாவதையும் மூன்றாவதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புகைக்கூண்டிலே வெப்பத்துக்காக விறகு எரிகிறது. சற்றுத் தள்ளி யந்திரக் கொட்டகையிலே மின்சாரத்துக்காக டீசல் எரிகிறது. அந்த யந்திரமோ தன் வெப்பத்தையெல்லாம் காற்றில் ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒருவன் வெந்நீரைக் கொல்லையில் கொட்டுகிறான்; அடுத்த வீட்டுக்காரன் வெந்நீருக்காக விறகு பொறுக்கப் போகிறான். இதுதான் கதை.

நூறு வெள்ளி எங்கே போகிறது?

கணக்கிட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும். நூறு வெள்ளிக்கு டீசல் வாங்கி ஒரு சிறிய மின்சார யந்திரத்தில் ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 30 வெள்ளியின் பெறுமானம்தான் மின்சாரமாகிக் கம்பியில் போகும். மீதி 70 வெள்ளியும் வெப்பமாகிவிடும். ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போகும். ஒரு பங்கு யந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீரில் சேரும். மற்றது யந்திரத்தின் உடம்பிலிருந்தே வீசும்.

‘அப்படியானால் இன்னும் நல்ல யந்திரமாகச் செய்து அந்த 70 வெள்ளியையும் மின்சாரமாக்கிவிடலாமே’ என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இயற்கை அதற்கு இடம் தருவதில்லை. வெப்பத்தைக் கொண்டு யந்திரம் ஓட்டினால், ஒரு பங்கு வெப்பம் தாழ்ந்த சூட்டில் வெளியேறியே தீரும். இந்த உண்மையை 1824 இல் சாடி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் எழுதிவைத்தார். இன்றைய மிகச் சிறந்த எரிவாயு மின்நிலையங்களும் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக்குகின்றன. நீராவியால் ஓடும் பழைய வகை நிலையங்களில் 35 முதல் 40 விழுக்காடுதான் கிட்டும். வெளியேறும் வெப்பத்தைத் தடுக்க முடியாது. ஆனால் அது போகிற வழியில் ஒரு பாத்திரத்தை வைக்க முடியும். கொடியடுப்பு செய்வதும் அதுவே.

அந்த 70 வெள்ளி வெப்பத்தில் 45 வெள்ளியை நாம் பிடித்து ஒரு வேலைக்குப் பயன்படுத்தினோம் என்று கொள்வோம். இப்பொழுது நூறு வெள்ளிக்கு 75 வெள்ளியின் வேலை நடந்துவிட்டது. இதே வேலையைத் தனித்தனியாகச் செய்திருந்தால் என்னவாகும்? 30 வெள்ளி மின்சாரத்தை 35 விழுக்காட்டு நிலையம் தருவதற்கு ஏறக்குறைய 86 வெள்ளி எரிபொருள் வேண்டும். 45 வெள்ளி வெப்பத்தை நல்லதொரு கொதிகலன் தருவதற்கு ஏறக்குறைய 53 வெள்ளி எரிபொருள் வேண்டும். மொத்தம் 139 வெள்ளி. சேர்த்துச் செய்தால் 100. பிரித்துச் செய்தால் 139. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பது என்பார்களே, அதன் விலைக் கணக்கு இது.

செம்பனை ஆலையில் நடப்பது

இதனைக் கண்ணால் காண வேண்டுமானால் செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போக வேண்டும். நம் கெடாவிலும் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறின. குலையை ஏற்றிச் செல்லும் லாரியை நாம் அன்றாடம் பார்க்கிறோம். லாரி ஆலைக்குள் நுழைந்தபின் என்ன நடக்கிறதென்று நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம்.

ஒரு டன் குலை உள்ளே போனால் ஏறக்குறைய 200 கிலோ எண்ணெய் கிடைக்கிறது. அதோடு பிழிந்தபின் எஞ்சும் நார் ஏறக்குறைய 130 கிலோ. கொட்டையை உடைத்தபின் எஞ்சும் ஓடு ஏறக்குறைய 60 கிலோ. பழம் உதிர்ந்த வெற்றுக் குலை 220 கிலோவுக்கும் மேல். இந்த நாரும் ஓடும்தான் ஆலையின் விறகு. ஆலை தன் விறகைத் தானே விளைவித்துக்கொள்கிறது.

இந்த விறகு கொதிகலனில் எரிகிறது. கொதிகலனிலிருந்து எழும் நீராவியின் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 20 மடங்கு அளவுக்கு இருக்கும். அந்த நீராவி சுழலியின் இறக்கைகளில் மோதி அதனைச் சுற்றவைக்கிறது. சுழலியோடு இணைந்த மின்னாக்கி மின்சாரம் தருகிறது. இது முதல் வேலை.

பொதுவான மின்நிலையமாக இருந்தால், சுழலியைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் கடல்நீராலோ ஆற்றுநீராலோ குளிர்வித்துத் தண்ணீராக்கிவிடுவார்கள். அதிலிருந்த வெப்பம் கடலுக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். செம்பனை ஆலையில் அப்படிச் செய்வதில்லை. சுழலியை விட்டு வெளிவரும் நீராவியில் இன்னும் 3 மடங்கு அழுத்தம் இருக்குமாறு விட்டுவைக்கிறார்கள். அந்த நீராவியை நேரே குலை அவிக்கும் கலத்துக்கு அனுப்புகிறார்கள். ஏறக்குறைய 140 பாகைச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குலைகள் அங்கே வேகின்றன.

குலையை ஏன் அவிக்க வேண்டும்? வெட்டிய குலையைச் சும்மா போட்டுவைத்தால், பழத்திலிருக்கும் ஒருவகை நொதி எண்ணெயைக் கெடுத்துப் புளிப்பேற்றிவிடும். அவித்தால் அந்த நொதி செயலிழக்கிறது. பழமும் காம்பைவிட்டு எளிதில் உதிர்கிறது. அடுத்து, பழத்தைக் கூழாக்கும்பொழுதும், எண்ணெயைத் தெளியவைக்கும்பொழுதும், பருப்பை உலர்த்தும்பொழுதும் வெப்பம் வேண்டும். அத்தனைக்கும் அதே நீராவிதான். இது இரண்டாவது வேலை.

ஒரு டன் குலைக்கு ஏறக்குறைய அரை டன் நீராவியும் 20 யூனிட் வரை மின்சாரமும் தேவைப்படுகின்றன. மணிக்கு 30 டன் குலையை ஆட்டும் ஆலை என்றால் 15 டன் நீராவியும் 600 கிலோவாட் மின்சாரமும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 20 யூனிட் என்றால் எவ்வளவு? இக்காலத்து 10 வாட் விளக்கு ஒன்றை இரவுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் 400 இரவுக்குப் போதும். இதனால்தான் மின்கம்பி எட்டாத இடங்களிலும் செம்பனை ஆலைகள் தம் சொந்த மின்சாரத்தில் ஓடின. பக்கத்திலிருந்த தொழிலாளர் வீடுகளுக்கும் ஆலை மின்சாரமே போயிற்று.

இதிலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். விறகு தாராளமாகக் கிடைத்ததால், பல ஆலைகள் அதனைச் சிக்கனமாக எரிக்க அக்கறை கொள்ளவில்லை. குவியும் நாரையும் ஓட்டையும் ஒழிப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்று நிலைமை வேறு. செம்பனை ஓடு ஜப்பான் போன்ற நாடுகளின் மின்நிலையங்களுக்கு எரிபொருளாக ஏற்றுமதியாகிறது. ஓட்டுக்கு விலை வந்தபின், நீராவியை வீணாக்குவது காசை வீணாக்குவது என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மிச்சப்படும் மின்சாரத்தை நாட்டின் மின்கம்பியில் விற்கலாம் என்ற ஏற்பாட்டை அரசாங்கம் 2001 இல் சிறு மின்நிலையத் திட்டத்தின் வாயிலாகத் தொடங்கியது. 2011 இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் அதற்கு விலை முறையை வகுத்தது.

உமியும் பலகையும் கையுறையும்

கெடா என்றதும் நாட்டு மக்கள் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது நெல் வயல். மூடா நீர்ப்பாசனப் பரப்பில் ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அறுத்த நெல்லில் ஈரம் மிகுந்திருக்கும். அதனை ஏறக்குறைய 14 விழுக்காட்டு ஈரத்துக்கு உலர்த்தினால்தான் கெடாமல் இருக்கும். அரிசி ஆலைக்கு அரைவை யந்திரம் ஓட்ட மின்சாரம் வேண்டும்; நெல்லை உலர்த்த வெப்பம் வேண்டும்; பக்கத்திலே மலைபோல் உமி குவிந்து கிடக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே தெருவில் இருக்கும்பொழுது தரகர் எதற்கு?

ஐரோப்பிய சமூகமும் ஆசியான் நாடுகளும் சேர்ந்து இணை மின் உற்பத்தியைப் பரப்ப ஒரு கூட்டுத் திட்டத்தை 1991 முதல் பல கட்டங்களாக நடத்தின. அத்திட்டத்தின் உதவி பெற்ற ஆலைகளில் கெடாவின் பான் ஹெங் பீ அரிசி ஆலையும் ஒன்று. உமியை எரித்து ஏறக்குறைய 450 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் அங்கே அமைந்தது. எரித்தபின் கிடைக்கும் உமிச் சாம்பலில் மணற்சத்து மிகுதி. அதனையும் தொழிலில் பயன்படுத்த வழியுண்டு. நம் முன்னோர் உமிச் சாம்பலால் பாத்திரம் துலக்கியதும் பல் துலக்கியதும் இந்த மணற்சத்தின் பலனே.

அடுத்தது ரப்பர்ப் பலகை. பச்சை ரப்பர் மரத்தில் ஈரமும் மாவுச்சத்தும் மிகுதி. அறுத்தவுடன் மருந்தூட்டிச் சூளை அறையில் நாட்கணக்கில் உலர்த்தாவிட்டால் பூசணமும் வண்டும் பிடித்துவிடும். உலர்த்தும் வெப்பத்துக்குப் பலகை ஆலைகள் தங்கள் கழிவுக் கட்டைகளையே எரிக்கின்றன. நாம் சீவிய அதே மரம்தான் அங்கே பலகையாகவும் விறகாகவும் இரு வேடம் பூணுகிறது. பெரும்பாலான பலகை ஆலைகளில் அந்த நெருப்பு உலர்த்தும் வேலையோடு நின்றுவிடுகிறது. மின்சாரமும் எடுப்பதற்கு உயரழுத்தக் கொதிகலனும் சுழலியும் வேண்டும். சிறிய ஆலைக்கு அந்த முதல் கட்டுபடியாவதில்லை.

மூன்றாவது கையுறை. கூலிம், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களில் உள்ள தொழிற்சாலைகளுக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் போய்வருகிறார்கள். கையுறை அச்சுகள் சங்கிலியில் ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பர்ப் பாலில் தோய்ந்து, சூடான அடுப்பறையில் உலர்ந்து, வெந்நீர்த் தொட்டியில் கழுவப்பட்டு, மறுபடியும் 100 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பதப்படும். இரவு பகலாக ஓடும் இத்தொழிலுக்கு வெப்பம்தான் உயிர். சங்கிலியையும் காற்றாடிகளையும் ஓட்டுவதற்கு மின்சாரமும் வேண்டும். 1990களின் பிற்பகுதியில் இயற்கை எரிவாயுக் குழாய் தீபகற்பத்தின் வட மாநிலங்களை எட்டியது. எரிவாயுவால் மின்னாக்கியை ஓட்டி, அதன் புகைக்குழாயில் வரும் ஏறக்குறைய 450, 500 பாகைச் சூட்டைக் கொண்டு வெந்நீரும் சூட்டுக் காற்றும் எடுக்கும் முறைக்கு இத்தகைய தொழில் மிகவும் ஏற்றது.

வெப்பத்திலிருந்து குளிர்ச்சியும் எடுக்கலாம் என்றால் வியப்பாக இருக்கும். 1998 இல் திறக்கப்பெற்ற கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கு அப்படித்தான் குளிர்சாதன வசதி அமைத்தார்கள். எரிவாயுச் சுழலி மின்சாரம் தருகிறது. அதன் கழிவு வெப்பத்தில் நீராவி எழுகிறது. அந்த நீராவி ஒருவகை உப்புக் கரைசலைக் கொண்ட குளிர்விப்பானை இயக்கித் தண்ணீரைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த நீர் குழாய்வழி கட்டடங்களுக்குப் போகிறது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில், வீட்டைச் சூடாக்க யாரும் கேட்பதில்லை; குளிரவைக்கத்தான் கேட்கிறார்கள்.

குளிர் நாடுகளில் இந்த முறை மின்சாரத்தோடு கூடவே பிறந்தது எனலாம். எடிசன் 1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தொடங்கிய மின்நிலையம், மின்சாரத்தோடு நீராவியையும் பக்கத்துக் கட்டடங்களுக்கு விற்றது. டென்மார்க் நாடு 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்டபின், 1979 இல் வெப்ப வழங்கலுக்கென்றே சட்டம் இயற்றியது. இன்று அங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் ஊர்ப் பொதுக் குழாயில் வரும் வெந்நீரால் கதகதப்பாகின்றன. தமிழ்நாட்டில் கரும்பாலைகள் சக்கையை எரித்து, அந்த ஆவியில் சாறும் காய்ச்சுகின்றன; மின்சாரமும் எடுத்து வெளியே விற்கின்றன.

மூன்று பொருத்தம்

இவ்வளவு நல்ல முறையாக இருந்தால், நம் தோட்டத்துப் பழைய துரைமார்கள் ஏன் யந்திரத்தையும் புகைக்கூண்டையும் இணைக்கவில்லை? கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல், இதற்கு மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும்.

ஒன்று, இடப்பொருத்தம். மின்சாரம் கம்பியில் நூறு மைல் போகும். வெப்பம் அவ்வளவு தூரம் போகாது. வெப்பம் பிறக்குமிடமும் பயன்படுமிடமும் அக்கம்பக்கமாக இருக்க வேண்டும்.

இரண்டு, நேரப்பொருத்தம். வெப்பம் எப்பொழுது வருகிறதோ அப்பொழுதே அதற்கு வேலை இருக்க வேண்டும். தோட்டத்து யந்திரம் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஓடியது. புகைக்கூண்டுக்கோ நான்கைந்து நாள் விடாத சூடு வேண்டும். அரிசி ஆலையிலும் இந்தச் சிக்கல் உண்டு. அறுவடைக் காலத்தில் உலர்த்தும் வேலை குவியும், மற்றக் காலத்தில் குறையும்.

மூன்று, தரப்பொருத்தம். எத்தனை பாகைச் சூடு, எவ்வளவு சூடு, எத்தகைய சூடு என்று பார்க்க வேண்டும். டீசல் புகையில் கரியும் எண்ணெய்ப் பசையும் உண்டு. அதனை நேரே புகைக்கூண்டில் விட்டிருந்தால் ரப்பர்த் தகடு கறைபட்டு விலை குறைந்திருக்கும். புகையின் சூட்டை மட்டும் தூய காற்றுக்கு மாற்றித் தரும் கருவி வேண்டும். ஒரு சிறிய தோட்டத்துக்கு அந்தச் செலவு கட்டாது. ஆகவே இங்கே இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தவில்லை.

இன்றும் இந்த அளவுகோலை நாம் கையில் வைத்திருப்பது நல்லது. நம் தோட்டங்களில் பல, பாலாகவும் கட்டிப்பாலாகவும் விற்றுவிடுவதால் புகைக்கூண்டே இல்லாமற் போய்விட்டது. வெப்பம் கேட்பார் இல்லாத இடத்தில் இணை மின் உற்பத்திக்கு வேலையில்லை. ‘எரிபொருளே வேண்டாம், இலவச மின்சாரம் தரும் யந்திரம்’ என்று யாரேனும் வந்து கூட்டுறவுச் சங்கத்திடம் முன்பணம் கேட்டால், கொடுக்க வேண்டாம். நெருப்பில்லாமல் வெப்பமில்லை, வெப்பத்தை முழுதும் மின்சாரமாக்க வழியில்லை. இது தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது.

நமக்கு என்ன பயன்?

பெரியோர்களே, இப்பொழுது உள்ளபடியே நாங்கள் சொல்லவந்த செய்திக்கு வருகிறோம்.

ரப்பர்த் தோட்டம் சுருங்கிக்கொண்டு வருவது நாம் அறிந்ததே. சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் நேற்று பால் மரம் நின்ற இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதி நிற்கிறது. தோட்டம் கைமாறி, வேலை போய், பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்படிப் போனவர்களில் கையில் எந்தச் சான்றிதழும் இல்லாதவர் பொதுத் தொழிலாளியாகவே வேலைக்குச் சேர்கிறார்; பத்து ஆண்டு கழித்தும் பொதுத் தொழிலாளியாகவே இருக்கிறார். சீவுகத்தி பிடித்த கையின் திறமை, தோட்டத்தின் எல்லைக்கு வெளியே மதிக்கப்படுவதில்லை. இது வேதனையான உண்மை.

ஆனால் நாம் இதுவரை பேசிய செம்பனை ஆலை, அரிசி ஆலை, கையுறைத் தொழிற்சாலை, பலகை ஆலை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. அதுதான் வெப்பம். நீராவியைக் கொண்டு வேலை செய்யும் இடமெல்லாம் கொதிகலன் இருக்கிறது. சட்டத்தின்படி கொதிகலனுக்குத் தகுதிச் சான்று வேண்டும். அதனை இயக்குபவரும் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். 1967 ஆம் ஆண்டின் தொழிற்சாலை, யந்திரச் சட்டம் நீண்ட காலம் இதனைக் கட்டுப்படுத்தியது. அச்சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டு, 1994 ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் இப்பொறுப்பு வந்துள்ளது. கொதிகலன் ஓட்டுநருக்கு இரண்டாம் நிலை, முதல் நிலை என்று படிப்படியாகச் சான்றிதழ் உண்டு. அதற்கும் மேலே நீராவிப் பொறியாளர் உண்டு. குறித்த காலம் கொதிகலனருகே பணியாற்றிய அனுபவமும் தேர்வும் வேண்டும்.

ஓர் ஆலை மூடப்பட்டாலும் அந்தச் சான்றிதழ் மூடப்படுவதில்லை. கூலிமில் செல்லும் தாள் கோல கெட்டிலிலும் செல்லும், ஜொகூரிலும் செல்லும். லயத்து வீட்டைக் காலி செய் என்று சொல்பவர் இந்தத் தாளைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே, ஏற்கெனவே ஆலையில் நார் தள்ளுபவராகவோ உதவியாளராகவோ வேலை செய்யும் இளைஞர்கள் அதே வேலையில் ஆண்டுகளைக் கழித்துவிடாமல், தங்கள் பணிக்கால அனுபவத்தை முறையாகப் பதிந்துவைத்துத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விவரங்களைத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் மாநில அலுவலகத்தில் கேட்டறியலாம். தேர்வு எழுத மலாய் மொழி கைகொடுக்கும். பள்ளியில் அறிவியலையும் கணிதத்தையும் விளையாட்டாக விட்டுவிடாமல் படித்திருந்தால் மற்றது எளிது. பெற்றோர்களும் ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளையை முதல் மாதச் சம்பளத்துக்காக அவசரப்படுத்தாமல், தொழிற்பயிற்சி நிலையங்களின் வாயிலையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீராவி நல்ல வேலைக்காரன். அலட்சியத்தை மட்டும் மன்னிக்கமாட்டான். கொதிகலனில் நீர்மட்டம் குறைந்தால் உள்ளிருக்கும் இரும்புக் குழாய் பழுக்கக் காய்ந்துவிடும். பயந்துபோய் அந்நேரத்தில் குளிர்ந்த நீரை விட்டால் கொதிகலன் வெடிக்கவும் கூடும். நீர்மட்டக் கண்ணாடியை மணிக்கு மணி பார்ப்பதும், பாதுகாப்பு அடைப்பானை எக்காரணத்தைக் கொண்டும் கட்டிவைக்காமல் இருப்பதும், சந்தேகம் வந்தால் நெருப்பை நிறுத்திவிட்டு மேலதிகாரியை அழைப்பதும் கொதிகலன்காரரின் முதற்பாடம். தகுதியில்லாதவரைக் கொதிகலனருகே தனியே நிறுத்துவது சட்டத்துக்கும் புறம்பு. அவர் உயிருக்கும் ஆபத்து. அப்படி நிறுத்தினால் ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை நமக்குண்டு.

முடிவாக மறுபடியும் கொடியடுப்புக்கே வருவோம். பெரிய அடுப்பில் எரிந்த விறகு நம் முன்னோரின் உழைப்பு. காட்டை அழித்து, மரத்தை நட்டு, விடியுமுன் எழுந்து பால் வெட்டி அவர்கள் எரிந்த நெருப்பில் நாட்டின் பொருளாதாரம் பொங்கியது. அந்தத் தழலின் மிச்சம் இன்னும் இருக்கிறது. அது காற்றில் கலந்து வீணாகாமல், பக்கத்திலிருக்கும் பாத்திரத்தைச் சூடாக்க வேண்டும். நம் பிள்ளைகளின் கல்வியும் கைத்தொழிலும்தான் அந்தப் பாத்திரம்.